எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை உடலின் அழற்சியைக் குறைக்குமா? டர்பன் தமிழர்களின் கேள்விகளும் பதில்களும்

சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், மெர்பேங்க், டொங்காட் பக்கத்துக் குடும்பங்களில் இப்போது யாராவது ஒருவர் இரைப்பையைச் சிறிதாக்கும் "ஸ்லீவ்" அறுவை செய்துகொண்டவராகவோ, செய்யலாமா என்று யோசிப்பவராகவோ இருக்கிறார். எடை குறையும் என்பது எல்லோருக்கும் தெரிந்த சேதி. "உடம்பில் இருக்கும் இன்ஃபிளமேஷனும் (அழற்சியும்) போய்விடும்" என்கிறார்களே, அது உண்மையா என்பதுதான் அடுத்த கேள்வி. அதைச் சுற்றி நம் மக்கள் கேட்பவற்றை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். உங்கள் மருத்துவர் சொல்வதற்கு மாற்றாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். அவரிடம் போவதற்கு முன் ஒரு தெளிவு கிடைத்தால் போதும்.

அழற்சி என்றால் சிவந்து வீங்கி வலிப்பதுதானே? குண்டாக இருப்பவருக்கு அது எங்கே இருக்கிறது?

கையில் முள் குத்தினால் அந்த இடம் சிவந்து, சூடாகி, வீங்குகிறது. அது குறுகிய கால அழற்சி. வேலை முடிந்ததும் அடங்கிவிடும். உடற்பருமனோடு வருவது வேறு வகை. காய்ச்சல் கிடையாது, வீக்கம் கண்ணுக்குத் தெரியாது, வலியும் இல்லாமல் இருக்கலாம். கரி நெருப்பில் இறைச்சி சுடும் பிராய் விருந்து முடிந்து எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகும் சாம்பலுக்கு அடியில் கரி கனன்றுகொண்டிருக்குமே, அப்படி வருடக்கணக்கில் மெல்ல எரிந்துகொண்டிருக்கும்.

அது எரியும் இடம் கொழுப்புத் திசு. கொழுப்பு என்பது சும்மா சேமித்து வைத்த எண்ணெய் என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தார்கள். 1993இல் ஹோட்டமிஸ்லிகில், ஸ்பீகல்மன் குழுவினர் பருத்த எலிகளின் கொழுப்புத் திசுவே டி.என்.எஃப். ஆல்ஃபா என்னும் அழற்சிப் பொருளைச் சுரக்கிறது என்று காட்டினார்கள். இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் போவதற்கும் அதற்கும் தொடர்பு இருப்பதும் தெரியவந்தது. பத்து வருடம் கழித்து, 2003இல், அந்தத் திசுவுக்குள் மேக்ரோஃபேஜ் என்னும் வெள்ளணுக்கள் கூட்டமாகக் குடியேறியிருப்பதைக் கண்டுபிடித்தார்கள். மெலிந்த உடலில் கொழுப்புத் திசுவின் செல்களில் இவை 10 சதவீதத்துக்குள் இருக்கும். மிகப் பருமனான உடலில் 40 சதவீதம் வரை போகலாம்.

ஏன் குடியேறுகின்றன? கொழுப்புச் செல் அளவுக்கு மீறி உப்பும்போது அதற்குப் போதிய ஆக்சிஜன் கிடைப்பதில்லை. சில செல்கள் செத்துப்போகும். செத்ததை அப்புறப்படுத்த வெள்ளணுக்கள் வரும். வந்தவை ஐ.எல்.-6 போன்ற வேதிப்பொருள்களை வெளியிடும். ஐ.எல்.-6 கல்லீரலைப் போய்ச் சேர்ந்ததும் கல்லீரல் சி.ஆர்.பி. என்னும் புரதத்தை உற்பத்தி செய்யும். லான்செட், ஆம்பாத் போன்ற பரிசோதனைக் கூடத்தில் இரத்தம் கொடுத்துவிட்டு வந்தால் தாளில் எண்ணாக வருவது இந்த சி.ஆர்.பி.தான். இன்னொரு பக்கம், அழற்சியை அடக்கிவைக்கும் அடிப்போனெக்டின் என்ற நல்ல சுரப்பு, கொழுப்பு கூடக் கூடக் குறைந்துகொண்டே போகும்.

அப்படியானால் கொழுப்பை உறிஞ்சி எடுத்துவிட்டால் போதாதா? லைபோசக்‌ஷன் இன்னும் சுலபமாயிற்றே?

இதைச் செய்தே பார்த்துவிட்டார்கள். 2004இல் அமெரிக்காவில் சாமுவேல் க்ளைன் குழுவினர் பருமனான 15 பெண்களுக்கு வயிற்றுத் தோலுக்கு அடியில் இருந்த கொழுப்பைச் சுமார் 10 கிலோ உறிஞ்சி எடுத்தார்கள். 10 முதல் 12 வாரம் கழித்துப் பரிசோதித்தால் சி.ஆர்.பி., ஐ.எல்.-6, டி.என்.எஃப்., இன்சுலின் வேலை செய்யும் விதம், இரத்த அழுத்தம் எதிலும் குறிப்பிடத்தக்க மாற்றமே இல்லை.

இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு இது. பத்துக் கிலோ என்பது சின்ன விஷயமா? அதே பத்துக் கிலோவைச் சாப்பாட்டைக் குறைத்து இழந்திருந்தால் இந்த எண்கள் பெரும்பாலும் இறங்கியிருக்கும். உறிஞ்சி எடுத்தபோது மிச்சமிருந்த கொழுப்புச் செல்கள் உப்பியது உப்பியபடியே இருந்தன. கல்லீரலிலும் குடலைச் சுற்றியும் இருந்த கொழுப்பை யாரும் தொடவே இல்லை. உடலுக்குள் போகும் சக்தி குறைந்து, செல்கள் ஒவ்வொன்றும் சுருங்கினால்தான் வெள்ளணுக்கள் கலைந்து போகும். வயிற்று அறுவை சிகிச்சை செய்வது அதைத்தான். அதில் கொழுப்பை யாரும் வெட்டி எடுப்பதில்லை.

சரி, அறுவை சிகிச்சையில் என்னதான் செய்கிறார்கள்?

பெரும்பாலும் இரண்டு வகை. ஸ்லீவ் என்பதில் இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் நீக்கிவிட்டு, மிச்சத்தை ஒரு குழாய் போல விடுவார்கள். பைபாஸ் என்பதில் இரைப்பையின் மேல்பகுதியில் சுமார் 30 மி.லி. மட்டும் கொள்ளும் சின்னப் பை ஒன்றைப் பிரித்து, சிறுகுடலைச் சற்றுக் கீழே வெட்டி அந்த முனையை அதோடு இணைப்பார்கள். இரண்டும் சின்னத் துளைகள் வழியாக, லாப்ரோஸ்கோப் முறையில் நடக்கும். முதல் ஒன்றிரண்டு வருடத்தில் மொத்த எடையில் கால் பங்கோ சற்றுக் கூடவோ குறைவது வழக்கம்.

அறுவை முடிந்த எத்தனை நாளில் அழற்சி குறையும்?

முதலில் கூடும். வயிற்றுக்குள் வெட்டித் தைத்தால் உடம்பு சும்மா இருக்குமா? முதல் சில நாள்களில் சி.ஆர்.பி. மேலே போவது இயல்பு. அது அளவுக்கு மீறி ஏறினால் தையல் கசிகிறதோ என்று சந்தேகிக்க வேண்டும் என்பதற்காகவே அறுவை மருத்துவர்கள் அந்த எண்ணைக் கவனித்துக்கொண்டிருப்பார்கள்.

அதற்குப் பிறகுதான் இறக்கம். எடை இறங்க இறங்க சி.ஆர்.பி.யும் மாதக்கணக்கில் இறங்கும். ஒரு வருட முடிவில் ஆரம்ப அளவில் பாதிக்கும் கீழே வந்துவிடுவதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஐ.எல்.-6 பெரும்பாலான ஆய்வுகளில் குறைகிறது. டி.என்.எஃப். விஷயத்தில் முடிவுகள் ஒன்றுபோல இல்லை. சிலவற்றில் குறைந்திருக்கிறது, சிலவற்றில் அசையவே இல்லை. அடிப்போனெக்டின் ஏறும், கொழுப்புச் செல்கள் சுரக்கும் லெப்டின் சீக்கிரமே இறங்கும். 2005இல் ஃபிரெஞ்சு ஆய்வாளர்கள் பைபாஸ் செய்தவர்களின் கொழுப்புத் திசுவைத் துளி எடுத்துப் பார்த்தபோது, மூன்று மாதத்திலேயே மேக்ரோஃபேஜ்கள் குறைந்திருந்தன. ஆக, இரத்தத்தில் தெரியும் மாற்றத்துக்கு மூல இடத்திலேயே சாட்சி இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. எடை வேகமாகக் கரையும் முதல் வாரங்களில் இந்த எண்கள் ஏறி இறங்கி ஆட்டம் காட்டும். மூன்றாவது வாரத்தில் சி.ஆர்.பி. எடுத்துப் பார்த்துவிட்டு "ஆபரேஷன் பலிக்கவில்லை" என்று மனமுடைந்து போகாதீர்கள்.

எடை குறைவதால்தான் அழற்சி குறைகிறதா, குடலை மாற்றி வைப்பதாலா?

பெரும் பங்கு எடைக்குத்தான். சர்க்கரையைப் பொறுத்தவரை கதை கொஞ்சம் வேறு. பைபாஸ் முடிந்த சில நாள்களிலேயே, எடை சரியாக இறங்குவதற்கு முன்பே, இன்சுலின் அளவைக் குறைக்க வேண்டி வருவதைப் பலரிடம் பார்க்கலாம். சாப்பாடு சட்டென்று குறைவதும், ஜி.எல்.பி.-1 என்ற குடல் சுரப்பு பல மடங்கு கூடுவதும் அதற்குக் காரணம். பித்த அமிலங்களின் ஓட்டம் மாறுகிறது, குடலில் வாழும் நுண்ணுயிர்க் கூட்டமும் மாறுகிறது. கொழுப்பு மிகுந்த சாப்பாட்டினால் குடல் சுவரின் காவல் தளர்ந்து, பாக்டீரியாக்களின் நச்சுத் துணுக்குகள் இரத்தத்தில் கசிந்து அழற்சியைத் தூண்டுகின்றன என்று 2007இல் எலிகளில் காட்டினார்கள். அறுவைக்குப் பிறகு அந்தக் கசிவு குறைகிறது என்று நினைக்க இடம் இருக்கிறது.

ஆனால் அழற்சி எண்களை மட்டும் எடுத்துக்கொண்டால், எவ்வளவு எடை குறைந்ததோ அதை ஒட்டித்தான் அவை நகர்கின்றன. குடலில் நடப்பவை அதற்குத் துணை.

எனக்கு சி.ஆர்.பி. 8 என்று வந்திருக்கிறது. அதற்காக அறுவை செய்துகொள்ளலாமா?

வேண்டாம். அந்த ஒரு எண்ணுக்காக யாரும் வயிற்றைத் திறக்கக் கூடாது.

இதய ஆபத்தைக் கணிக்க லிட்டருக்கு 1 மி.கி.க்குக் கீழே குறைவு, 1 முதல் 3 வரை நடுத்தரம், 3க்கு மேல் அதிகம் என்று பிரிப்பார்கள். 10ஐத் தாண்டினால் முதலில் வேறு தொற்று ஏதாவது இருக்கிறதா என்று தேட வேண்டும். 8க்கும் பல காரணங்கள் இருக்கலாம். ஈறு வீங்கியிருக்கலாம், போன வாரம் சளி பிடித்திருக்கலாம், ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை சாப்பிடலாம், புகை பிடிக்கலாம். நாம் வாழ்வது குவாசுலு-நட்டால் என்பதையும் மறக்கக் கூடாது. இங்கே காசநோயும் எச்.ஐ.வி.யும் அதிகம். எச்.ஐ.வி. உள்ளவர்களிடம் காசநோயைச் சலித்தெடுக்க, 5 மி.கி.க்கு மேற்பட்ட சி.ஆர்.பி.யையே ஒரு வழியாகப் பயன்படுத்தலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்னது. எண் உயர்ந்திருப்பதற்கு உங்கள் வயிறுதான் காரணம் என்று யாரும் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட முடியாது. இரண்டு வாரம் விட்டு மறுபடி எடுத்துப் பாருங்கள்.

சர்க்கரை, பிரஷர், தூக்கத்தில் மூச்சடைப்பு, கல்லீரல் கொழுப்பு, முழங்கால் தேய்மானம் போன்றவைதான் அறுவைக்குக் காரணமாக வேண்டும். அழற்சி குறைவது கூடவே வரும் லாபம்.

நான் அவ்வளவு குண்டு இல்லை, பி.எம்.ஐ. 29தான். ஆனால் சர்க்கரையும் பிரஷரும் இருக்கிறது. என்னைச் சேர்த்துக்கொள்வார்களா?

பி.எம்.ஐ. என்பது உயரத்தோடு ஒப்பிட்டு எடையைக் கணக்கிடும் எண். நம்மவர்களுக்கு மிகவும் பொருந்தும் கேள்வி இது. 2004இல் புனேயைச் சேர்ந்த யாஜ்னிக் என்ற மருத்துவரும், லண்டன் மருத்துவர் யுட்கினும் தங்கள் இருவரின் படத்தையே பக்கத்தில் பக்கத்தில் போட்டு வெளியிட்டார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. லண்டன்காரருக்கு உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், புனேக்காரருக்கு 21.2 சதவீதம். ஆள் பார்க்க ஒன்றுபோல, உள்ளே இரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசம். தெற்காசிய உடல்வாகில் கொழுப்பு தோலுக்கடியில் தங்காமல் சீக்கிரமே வயிற்றுக்குள்ளும் கல்லீரலுக்குள்ளும் போய்ச் சேருகிறது. 1860இல் டுரூரோ கப்பலில் மதராசிலிருந்து வந்திறங்கியவர்களின் வாரிசுகளுக்கும் இதே உடல்வாகுதான். டர்பன் இந்தியர்களிடம் சர்க்கரை நோய் அதிகம் என்பதை இங்குள்ள மருத்துவர்கள் பல பத்தாண்டுகளாகச் சொல்லிவருகிறார்கள்.

அதனால் எடைக்கருவியை விட அளவு நாடாவை நம்புங்கள். தெற்காசிய ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. இடுப்புச் சுற்றளவு என்பது எல்லைக்கோடு.

1991ஆம் ஆண்டு அமெரிக்க விதிப்படி, பி.எம்.ஐ. 40, அல்லது கூட நோய் இருந்தால் 35 என்பதுதான் அறுவைக்கான வரம்பு. 2022இல் அமெரிக்காவின் எடைக் குறைப்பு அறுவை மருத்துவர் சங்கமும் அத்துறையின் உலகக் கூட்டமைப்பும் சேர்ந்து அதைத் தளர்த்தின. 35க்கு மேல் இருந்தால் வேறு நோய் இல்லாவிட்டாலும் பரிந்துரைக்கலாம், 30 முதல் 35 வரை சர்க்கரை போன்ற நோய் இருந்தால் யோசிக்கலாம், ஆசிய வம்சத்தவருக்கு 27.5 முதலே அறுவையை ஒரு வழியாக முன்வைக்கலாம் என்றன. இந்த விதிப்படி 29 உள்ள உங்களோடு மருத்துவர் இதைப் பற்றிப் பேசலாம். மெடிக்கல் எய்ட் என்னும் மருத்துவக் காப்பீடு அதற்குச் சம்மதிக்குமா என்பது தனிக் கதை. பழைய வரம்பையே பிடித்துக்கொண்டிருக்கும் திட்டங்கள் நிறைய.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஸ்வீடனில் 1987இல் தொடங்கிய எஸ்.ஓ.எஸ். ஆய்வு, அறுவை செய்துகொண்ட சுமார் 2000 பேரையும் செய்துகொள்ளாத அதே அளவினரையும் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தது. சராசரியாக 11 ஆண்டுகளில், அறுவை செய்தவர்களிடம் மரண ஆபத்து சுமார் 24 சதவீதம் குறைவு. மாரடைப்பு, பக்கவாதம் விஷயத்தில் யாருக்கு அதிக நன்மை என்று பிரித்துப் பார்த்தபோது, பி.எம்.ஐ. எதையும் சொல்லவில்லை. ஆரம்பத்தில் இன்சுலின் அதிகம் இருந்தவர்களுக்கே பலன் கூடுதல். ஆக, எடையின் அளவை விட உடலுக்குள் நடக்கும் கோளாறே முக்கியம் என்பது என் கருத்து.

மூட்டுவலி, சோரியாசிஸ், ஆஸ்துமா எல்லாம் சரியாகிவிடுமா?

ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு பதில்.

முழங்கால் வலி பலருக்கு நன்றாகவே குறைகிறது. பாரம் இறங்குவது ஒரு காரணம், அழற்சி அடங்குவது இன்னொன்று. தேய்ந்துபோன குருத்தெலும்பு திரும்ப வளராது.

சோரியாசிஸ் என்னும் தோல் நோயில் நம்பிக்கை தரும் தகவல் இருக்கிறது. 2017இல் வெளிவந்த டென்மார்க் நாடு தழுவிய ஆய்வில், பைபாஸ் செய்துகொண்டவர்களிடம் சோரியாசிஸும் அதோடு வரும் மூட்டழற்சியும் குறைவாகவே புதிதாகத் தோன்றின. இரைப்பையைச் சுற்றி வளையம் மாட்டும் பழைய முறையில் அந்தப் பலன் தெரியவில்லை.

ஆஸ்துமாவும் பெரும்பாலும் இலகுவாகிறது. மூச்சுக்கு இழுக்கும் பம்ப்பை (இன்ஹேலரை) நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள்.

யூரிக் அமிலம் மூட்டில் படிந்து வலிக்கும் கவுட் இருந்தால் கவனம். எடை வேகமாகக் கரையும் முதல் வாரங்களில் யூரிக் அமிலம் ஏறி, கால் பெருவிரலில் பழைய வலி திரும்ப வரலாம். அறுவைக்கு முன்பே அதற்கான மருந்தைப் பற்றிப் பேசி வையுங்கள். மாதங்கள் போன பிறகு கவுட் தாக்குதல்கள் முன்பை விடக் குறைந்துவிடும்.

மிகத் தெளிவான பலன் கல்லீரலில்தான். கொழுப்பு படிந்து அழற்சியும் சேர்ந்த கல்லீரல் நோயோடு அறுவை செய்துகொண்டவர்களை ஃபிரான்சின் லீல் நகரத்தில் பின்தொடர்ந்தார்கள். ஐந்து வருடம் கழித்துக் கல்லீரலில் ஊசி போட்டுத் துணுக்கெடுத்துப் பார்த்தபோது, 84 சதவீதம் பேரிடம் அந்த அழற்சி நோய் மறைந்திருந்தது. ஒரு சொட்டுக்கூடக் குடிக்காத எத்தனையோ பேருக்கு "ஃபாட்டி லிவர்" என்று ஸ்கேனில் வருகிறது. "குடிக்கிறாயா?" என்று குடும்பமே முறைத்துப் பார்க்கும் அவர்களுக்கு இது பெரிய செய்தி.

லூப்பஸ், குரோன்ஸ் போன்ற தன்னெதிர்ப்பு நோய்களுக்கு இதை மருந்தாக நினைக்கவே கூடாது. அவை இருந்தால் அறுவைக்கு முன் அந்தந்த நிபுணரும் கூட உட்கார்ந்து முடிவெடுக்க வேண்டும்.

ஆபரேஷனுக்குப் பிறகு தலைவலி, மூட்டுவலி வந்தால் கிராண்ட்-பா பொடி போட்டுக்கொள்ளலாமா?

கூடவே கூடாது. இதைத் தடித்த எழுத்தில் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வையுங்கள். கிராண்ட்-பாவில் பாராசிட்டமோல், கஃபீனோடு ஆஸ்பிரினும் இருக்கிறது. மைப்ரோடாலில் ஐபுபுரோஃபென் இருக்கிறது. புரூஃபென், வோல்டாரன் எல்லாம் இதே கூட்டம். பைபாஸ் செய்தவர்களுக்கு இரைப்பையும் குடலும் இணைந்த இடத்தில் இவை புண்ணை உண்டாக்கும். புண் துளையாகி இரத்தம் கொட்டலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். புகை பிடித்தால் ஆபத்து இன்னும் கூடும். ஸ்லீவ் செய்தவர்களும் மருத்துவர் சொல்லாமல் தொடக் கூடாது.

நம் வீட்டு அலமாரியில், டிராயரில், கைப்பையில் எல்லாம் கிடக்கும் பொருள் என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம். டீ குடிப்பது போலக் காலையில் ஒரு பொட்டலம் பிரித்துக் கொட்டிக்கொள்ளும் ஆயாக்கள் இருக்கிறார்கள். வலிக்குச் சாதாரண பாராசிட்டமோல் போதுமா என்று கேளுங்கள். இதயத்துக்காக மருத்துவர் எழுதிக்கொடுத்த சின்ன அளவு ஆஸ்பிரின் சாப்பிடுபவராக இருந்தால், அதை நீங்களே நிறுத்தாமல் இரு மருத்துவர்களையும் பேச வையுங்கள்.

மஞ்சள், இஞ்சி, பூண்டு சாப்பிட்டால் அழற்சி குறையும் என்கிறார்களே?

கறியில் போடுங்கள், ருசியாக இருக்கும். பருமனால் வரும் அழற்சிக்கு அது ஈடாகாது. மஞ்சள் சத்து என்று புட்டியில் விற்கும் மாத்திரைகள் இரத்தத்தை இளக்கும் மருந்துகளோடு மோதலாம். சிலருக்குக் கல்லீரலையே கெடுத்திருக்கின்றன.

எடை குறைக்கும் ஓசெம்பிக், மவுன்ஜாரோ ஊசி போட்டுக்கொண்டால் அறுவையே தேவையில்லையே?

சிலருக்குத் தேவைப்படாது. இந்த ஊசிகளாலும் அழற்சி குறைகிறது. இதய நோய் இருந்து சர்க்கரை இல்லாத 17,604 பேரிடம் நடந்த செலக்ட் ஆய்வு 2023இல் வெளிவந்தது. ஓசெம்பிக்கில் இருக்கும் அதே செமாகுளுடைடைக் கூடுதல் அளவில் கொடுத்ததில், மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் மூன்றும் சேர்ந்து 20 சதவீதம் குறைந்தன. சி.ஆர்.பி. சுமார் 38 சதவீதம் குறைந்தது.

வித்தியாசம் எங்கே? சராசரியாகப் பார்த்தால் அறுவையில் எடை கூடுதலாகக் குறைகிறது, நீண்ட காலம் நிற்கிறது. ஊசியை நிறுத்தினால் பெரும்பாலானவர்களுக்கு எடை திரும்புகிறது. மாதாமாதம் ராண்டு எண்ணிக் கொடுக்க வேண்டும், வருடக்கணக்கில். இன்னொரு பக்கம், ஊசி பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடலாம், வெட்டி எடுத்த இரைப்பை திரும்ப வராது. பி.எம்.ஐ. 30ஐ ஒட்டி இருப்பவர் முதலில் ஊசியை முயன்று பார்ப்பதில் தவறில்லை. 45ஐத் தாண்டி, சர்க்கரையும் கட்டுக்குள் வராதவர் அறுவையைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருப்பதுதான் கவலை. இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பயன்படுத்துவதும் நடக்கிறது.

எடை திரும்ப ஏறினால் அழற்சியும் திரும்புமா?

திரும்பும். கொழுப்புச் செல்கள் சுருங்குகின்றனவே தவிர எண்ணிக்கையில் குறைவதில்லை. அறுவை முடிந்து இரண்டு வருடம் ஆனவர்களிடம் செல்களை எண்ணிப் பார்த்த ஸ்வீடன் ஆய்வு 2008இல் இதைக் காட்டியது. காலியான செல்கள் அங்கேயே காத்திருக்கும்.

2024இல் சூரிச்சில் நடந்த ஆய்வு இன்னும் ஒரு படி போனது. எடை குறைந்த பிறகும் கொழுப்புச் செல்களின் மரபணுக்களில் பழைய பருமனின் தடம் அழியாமல் இருந்தது. எலிகளில் அந்தத் தடம் இருந்த செல்கள், கொழுப்புச் சாப்பாடு கிடைத்ததும் மற்றவற்றை விட வேகமாகப் பழைய நிலைக்குப் போயின. "கட்டுப்பாடு இல்லாதவன், அதனால்தான் மறுபடி ஊதிவிட்டான்" என்று கல்யாண வீட்டில் பேசுபவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

கொஞ்சம் எடை கூடுவது, அதாவது இரண்டாம் வருடத்துக்குப் பிறகு சில கிலோ ஏறுவது, பலருக்கும் நடக்கும். அதற்குப் பயந்து ஒளிய வேண்டாம். பத்துக் கிலோ ஏறும் வரை காத்திராமல், அறுவை செய்த குழுவிடமே திரும்பிப் போங்கள். திட்டு விழும் என்று கிளினிக்கைத் தவிர்ப்பவர்கள்தான் கடைசியில் அதிகம் கஷ்டப்படுகிறார்கள்.

அதற்குப் பிறகு என்ன சாப்பிடலாம்? பன்னி சௌ, பிரியாணி எல்லாம் போச்சா?

முதல் சில வாரம் திரவம், பிறகு மசித்தது, பிறகு மெதுவாகச் சாதாரண உணவு. ஒரு நாளைக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் உள்ளே போக வேண்டும். அது குறைந்தால் கொழுப்போடு தசையும் கரையும், முடி கொட்டும், நடக்கவே சோர்வாக இருக்கும்.

நல்ல வேளையாக டர்பன் சமையலறையில் இதற்கு வழி இருக்கிறது. டின் மீன் சட்னி, முட்டை, கெட்டியான டால், சோயா மின்ஸ், மாஸ் என்னும் புளித்த பால், மெல்லக் குழைய வேகவைத்த பீன்ஸ் கறி. தட்டில் முதலில் இவற்றைச் சாப்பிட்டு, மிச்ச இடத்தில்தான் சோறோ ரொட்டியோ. குடைந்த ரொட்டிக்குள் கறி நிரப்பித் தரும் பன்னி சௌவில் கறியையும் மசாலாவையும் கொஞ்சம் ருசிக்கலாம், ரொட்டி வயிற்றில் கல்லாக நிற்கும். தீபாவளிக்குப் பக்கத்து வீட்டிலிருந்து வரும் இனிப்புத் தட்டில் கவனம் தேவை. பைபாஸ் செய்தவருக்குச் சர்க்கரை வேகமாகக் குடலில் இறங்கி வியர்வை, படபடப்பு, வயிற்றுப்போக்கு எல்லாம் ஒன்றாக வரும். மதுவும் முன்பை விடச் சீக்கிரம் தலைக்கேறும். சிலருக்கு அது புதிய பழக்கமாகவே ஒட்டிக்கொள்கிறது, குடும்பத்தார் கண்வைத்திருக்க வேண்டும்.

வைட்டமின் மாத்திரைகள் ஆயுளுக்கும். பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி. சைவக்காரர்களுக்கு பி12 இரு மடங்கு முக்கியம். விடாமல் வாந்தி வந்துகொண்டிருந்தால் தயமின் என்ற பி1 சத்து வற்றிப்போய் மூளையும் நரம்பும் கெடலாம். வாந்தி நிற்கவில்லை என்றால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

காவடி விரதம் இருக்கலாமா? புரட்டாசி மாதம் முழுக்க நாங்கள் சைவம்.

புரட்டாசிச் சைவத்தில் சிக்கல் இல்லை. டால், சோயா, பால், தயிர் ஒழுங்காகப் போனால் போதும், உணவு நிபுணரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

காவடி வேறு. தைப்பூசம் இங்கே கொளுத்தும் கோடையில் வருகிறது. இரைப்பை சுருங்கியவரால் ஒரே மூச்சில் தண்ணீர் குடிக்க முடியாது. நாள் முழுக்க மிடறு மிடறாகக் குடித்தால்தான் உண்டு. ஒருவேளை உணவு, தண்ணீர் கட்டுப்பாடு, தோளில் பாரம், வெயில் எல்லாம் சேர்ந்தால் மயக்கம்தான். சர்க்கரைக்கு மருந்து எடுப்பவருக்கு ஆபத்து இரட்டிப்பு. அறுவை செய்த முதல் வருடம் காவடி எடுக்காமல் பால்குடத்தோடோ, கூட நடப்பதோடோ நிறுத்திக்கொள்ளுங்கள். அப்புறம் எடுப்பதாக இருந்தாலும் மருத்துவரைக் கேட்டுவிட்டு எடுங்கள். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான். கோவில் குருக்களிடம் சொன்னால் அவரும் அதையேதான் சொல்வார்.

எங்கே செய்கிறார்கள்? செலவு?

அரசு மருத்துவமனைகளில் இந்த அறுவை மிகக் குறைவாகவே நடக்கிறது. ஆர்.கே. கான் போன்ற உங்கள் பகுதி மருத்துவமனையில் சர்க்கரைக்குப் பார்ப்பவரிடம், மேல்நிலை மருத்துவமனைக்கு அனுப்ப வழி உண்டா என்று கேட்கலாம். காத்திருப்பு நீளம் என்பதையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். பெரும்பாலானவர்கள் தனியாரிடம்தான் செய்துகொள்கிறார்கள். மெடிக்கல் எய்ட் திட்டத்துக்குத் திட்டம் விதி மாறும். அங்கீகாரம் பெற்ற மையத்தில் செய்தால்தான் கொடுப்போம், ஒரு பங்குதான் கொடுப்போம், பல மாதம் உணவு நிபுணரையும் மனநல நிபுணரையும் பார்த்திருக்க வேண்டும் என்றெல்லாம் இருக்கும். எதையும் தொலைபேசியில் கேட்டு நம்பாமல் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அறுவைக் கட்டணத்தோடு முடிவதில்லை. வைட்டமின், இரத்தப் பரிசோதனை, பிறகு தொங்கும் தோலுக்கான செலவு எல்லாம் கணக்கில் வர வேண்டும்.

உயிருக்கு ஆபத்து எவ்வளவு?

அமெரிக்காவின் பத்து மருத்துவமனைகளில் நடந்து 2009இல் வெளியான ஆய்வில், முதல் 30 நாளில் இறந்தவர்கள் 0.3 சதவீதம். அனுபவமுள்ள மையங்களில் இப்போது அதை விடவும் குறைவு. கசிவு, இரத்தக் கட்டி, இரத்தப்போக்கு ஆகியவைதான் பயப்பட வேண்டியவை. ஸ்லீவுக்குப் பிறகு நெஞ்செரிச்சல் கூடுவது சாதாரணமாக நடக்கும். ஏற்கெனவே கடுமையான நெஞ்செரிச்சல் இருப்பவருக்குப் பைபாஸ் பொருத்தமாக இருக்கலாம்.

கல்யாணமாகி நாலு வருடம், குழந்தை இல்லை. இதைச் செய்தால் தரிக்குமா?

பலருக்குச் சீக்கிரமே தரிக்கிறது, அதுதான் எச்சரிக்கையும். எடை குறையும்போது மாதவிடாய் ஒழுங்குக்கு வரும், சினைமுட்டை வெளிவரத் தொடங்கும். ஆனால் அறுவைக்குப் பிறகு 12 முதல் 18 மாதம் கருத்தரிக்காமல் இருக்க வேண்டும், சத்துக் குறைந்து எடை கரையும் காலம் அது. பைபாஸுக்குப் பிறகு கருத்தடை மாத்திரையை நம்ப முடியாது, வேறு முறை கேளுங்கள்.

எங்கள் ஆயாவுக்கு 68 வயது, முழங்கால் முடியவில்லை, சர்க்கரையும் இருக்கிறது. இந்த வயதில் செய்யலாமா?

2022 பரிந்துரைகள் வயதுக்கென்று மேல்வரம்பு எதையும் வைக்கவில்லை. வயதை விட உடல் வலுவையே பார்க்கச் சொல்கின்றன. ஆயா தானாக எழுந்து நடக்கிறாரா, நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுகிறாரா, இதயமும் சிறுநீரகமும் எப்படி இருக்கின்றன, மாத்திரைகளை மறக்காமல் சாப்பிடுகிறாரா, வீட்டில் சமைத்துக் கொடுக்க யார் இருக்கிறார்கள் என்றெல்லாம் மருத்துவர் பார்ப்பார். ஏற்கெனவே தசை மெலிந்தவருக்கு வேகமாக எடை குறைந்தால் விழுந்து எலும்பு முறியும் ஆபத்து உண்டு. அப்படிப்பட்டவருக்கு மிதமான எடைக் குறைப்பு, பிசியோ பயிற்சி, சர்க்கரை மருந்தில் மாற்றம் இவற்றை முதலில் பார்க்கலாம். முழங்கால் மாற்று அறுவைக்கு முன் எடை குறைக்கச் சொன்னார்கள் என்றால், எத்தனை கிலோ, எதற்காக என்று எலும்பு மருத்துவரிடமும் வயிற்று அறுவை மருத்துவரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். போகும்போது ஆயாவையும் கூட்டிக்கொண்டு போங்கள், அவருக்கு வேண்டுமா வேண்டாமா என்று யாராவது கேட்க வேண்டுமே.